சுண்டிக்குளத்துக்கு இரண்டு பேராக மோட்டார் சைக்கிளில்: வழி, பறவைகள், ஊர்ச்சனம்

வேலியோரம்:

யாழ்ப்பாணத்துக்குத் தென்கிழக்கே கரையோரம் இருக்கிற சுண்டிக்குளம் களப்பு (கடலோடு சேருகிற உப்பு ஏரி) பற்றி இந்த மன்றத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்த பதில் "நல்ல இடம், போய்ப் பாருங்கோ" என்பதுதான். எந்த வீதி, எந்த மாதம், என்ன கொண்டு போக வேண்டும் என்று ஒருவரும் வடிவாக எழுதவில்லை. நானும் இவரும் மாசி கடைசியில் கொக்குவிலில் இருந்து மோட்டார் சைக்கிளில் போய் வந்தோம். பார்த்ததை விரிவாக எழுதுகிறேன், தெரிந்தவர்கள் மிச்சத்தைச் சேருங்கள்.

தேசியப் பூங்கா என்றதும் நாங்கள் யால, வில்பத்து என்று தெற்குப் பக்கம்தான் பார்க்கிறோம். எங்கட வாசலிலேயே இரண்டு இருக்கின்றன. சுண்டிக்குளமும் நெடுந்தீவும் 2015 ஜூன் 22ஆம் திகதி தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டவை. சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலிருந்தே பறவைகள் சரணாலயம். அந்தக் காலத்திலேயே அதன் அருமை தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். இன்றைக்கு யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே போயிருப்பார்கள் என்று நினைக்கக் கவலையாக இருக்கிறது.

வழியைச் சொல்கிறேன். ஏ9 வீதியில் சாவகச்சேரி, கொடிகாமம், மிருசுவில், எழுதுமட்டுவாள், முகமாலை, பளை. பளை கழிய புதுக்காட்டுச் சந்தியில் இடது பக்கம் திரும்பினால் வீதி மருதங்கேணிக்குக் கொண்டுபோய் விடும். அங்கிருந்து கடலை இடது பக்கத்தில் வைத்துக்கொண்டு தெற்கே உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு. அதற்கப்புறம் சுண்டிக்குளம். கடைசித் துண்டில் தார் முடிந்து கிரவலும் மணலும்தான். மணல் ஆழமாகக் கிடந்த இடங்களில் நான் இறங்கி நடந்தேன், இவர் காலை ஊன்றி ஊன்றிச் சைக்கிளைக் கொண்டுவந்தார். ரயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் மணலில் புதையாது.

பெற்றோலைப் பளையிலேயே நிரப்பிவிடுங்கள். தண்ணீர் இரண்டு பேருக்குத் தேவை என்று நினைப்பதைவிடக் கூடுதலாக எடுங்கள். சாப்பாட்டுக்கு நாங்கள் பிட்டும் சம்பலும் பொரித்த மீனும் வாழையிலையில் கட்டிக்கொண்டு போனோம். கொடிகாமம் சந்தையில் வாழைப்பழம் ஒரு சீப்பு.

இனிப் பறவைகள். ஆனையிறவுப் பாலத்தில் நின்று கிழக்கே பார்த்தால் தெரிகிற தண்ணீர்தான் நீண்டு போய்ச் சுண்டிக்குளத்தில் கடலைத் தொடுகிறது. கனகராயன் ஆறு இரணைமடுவைத் தாண்டி வந்து இந்தக் களப்பில்தான் விழுகிறது. மாரியில் நல்ல தண்ணீர் வந்து நிறைந்து கிடக்கும். தை பிறந்து வெயில் ஏற ஏற தண்ணீர் கரையைவிட்டு உள்ளே போகும், சேறு வெளியே வரும். அந்தச் சேற்றில் புழு, சிறு நத்தை, கூனி என்கிற பொடி இறால். வடக்கிலிருந்து குளிருக்குத் தப்பி வந்த பறவைகளுக்கு அதைவிட என்ன வேண்டும்? அதனால்தான் தை கடைசியிலிருந்து பங்குனி வரை போவது நல்லது என்று சொல்கிறேன். கார்த்திகை, மார்கழியில் போனால் வீதியே தண்ணீருக்குள் கிடக்கலாம்.

நாங்கள் போய்ச் சேரக் காலை எட்டு மணி இருக்கும். கண்டல் மரங்களின் நிழலில் சைக்கிளை விட்டுவிட்டு இருந்தோம். முதலில் கண்ணில் பட்டவை நெடுங்கால் உள்ளான்கள், சிவப்புக் குச்சி போன்ற கால்களோடு. அப்புறம் கரண்டிவாயன்கள், கூழைக்கடாக்கள். பூநாரைகள் தூரத்தில் வெள்ளைக் கோடாகத்தான் தெரிந்தன. இவர் தொலைநோக்கியைக் கையில் தந்து "அசையாமல் பார்" என்றார். பார்த்தேன். ஒவ்வொன்றும் தலையைக் குப்புறக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் வைத்திருக்கிறது. சொண்டின் மேற்பாதி கீழேயும் கீழ்ப்பாதி மேலேயும். கால்கள் நின்ற இடத்திலேயே மிதித்துச் சேற்றைக் கலக்குகின்றன, நாக்கு தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. சொண்டின் ஓரத்தில் இருக்கிற சன்னமான தகடுகளில் கூனியும் பாசியும் தங்கிவிடும். அந்த இரையில் இருக்கிற நிறந்தான் இறகுக்கு வருகிறது. நிற்கும்போது வெள்ளையாகத் தெரிந்த ஒன்று செட்டையை விரித்தது. உள்ளுக்குள் அப்படி ஒரு சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. நான் வாய்விட்டுக் கத்தப் போனேன், இவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

திரும்பி வரும்போது வந்த வழியே வராமல் கரையோரமாக வடக்கே போனோம். தாளையடி, செம்பியன்பற்று, நாகர்கோவில், அம்பன், குடத்தனை, மணற்காடு, வல்லிபுரம், பருத்தித்துறை. உடுத்துறையில் சுனாமி நினைவிடத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போங்கள். 2004 டிசம்பர் 26இல் அந்தக் கரை முழுவதும் எத்தனை பேரைக் கொடுத்தது என்பதை அங்கே பெயர் பெயராக வாசிக்கும்போதுதான் நெஞ்சில் ஏறும். மணற்காட்டில் சவுக்கங்காடும், மணலுக்குள் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோவிலும் பார்க்கலாம். பின்னேர வெயிலில் அந்தச் சுவர்கள் மிக வடிவு.

கேள்வி இருந்தால் கேளுங்கள்.

நல்லூர்த்தெரு:

அக்கா, நன்றி. நாங்களும் கலியாணம் முடித்துப் புதிதாக எங்காவது போக வேண்டும் என்று கதைத்துக்கொண்டிருந்தோம். கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். பெண்பிள்ளைகளுக்கு மலசலகூட வசதி என்ன மாதிரி? அதை யாருமே எழுதுவதில்லை.

வேலியோரம்:

கூச்சப்பட ஒன்றுமில்லை தங்கச்சி, இதுதான் முதலில் எழுதியிருக்க வேண்டிய விஷயம். களப்புப் பக்கத்தில் ஒன்றையும் எதிர்பார்க்காதீர்கள். மருதங்கேணி தாண்டுவதற்கு முன்பே ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்துங்கள். கட்டைக்காட்டில் நாங்கள் ஒரு வீட்டில் கேட்டோம். அந்த அம்மா கிணற்றில் தண்ணீர் அள்ளித் தந்து, பிளேன்ரீயும் ஊற்றித் தந்தா. காசு நீட்டினோம், வாங்கவில்லை. அவ காயப்போட்டிருந்த நெத்தலிக் கருவாட்டில் ஒரு கிலோ வாங்கிக்கொண்டோம். அது நல்ல முறை என்று நினைக்கிறேன்: உதவிக்குக் காசு நீட்டாமல் அவர்கள் விற்கிற பொருளை விலை பேசாமல் வாங்குவது.

பிள்ளையாரடி:

முகமாலை பக்கம் மிதிவெடி எல்லாம் எடுத்து முடிந்ததா?

வேலியோரம்:

கனக்க இடம் துப்புரவாக்கிக் குடியேற விட்டிருக்கிறார்கள். ஆனாலும் முகமாலை, கிளாலி, நாகர்கோவில் பக்கங்களில் மண்டையோட்டுப் பலகையோ சிவப்பு நாடாவோ கண்டால் ஒரு அடி உள்ளே வைக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும் ஆள் நடமாடிய பாதையை விட்டு விலகவேண்டாம். போட்டோவுக்காகப் பற்றைக்குள் இறங்குகிற பழக்கத்தை இந்தப் பயணத்துக்கு வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். அதேபோல காவலரண்களைப் படம் எடுக்காதீர்கள், வீண் பிரச்சினை.

கமராக்கண்:

நல்ல பதிவு. ஒரு சேர்க்கை. பூநாரை படம் எடுக்க வேண்டுமென்றால் கரையிலிருந்து முடியாது, தூரம் அதிகம். ட்ரோன் கொண்டு போனால் மேலிருந்து கிடைக்கிற காட்சி வேறு. நூற்றுக்கணக்கில் ஒன்றாக எழும்பிப் பறக்கிற அந்த வீடியோ வேண்டுமென்றால் அதுதான் ஒரே வழி.

வேலியோரம்:

தம்பி, கோபிக்காதீர்கள், இதை நான் முழுதாக மறுக்கிறேன்.

ஒன்று, தேசியப் பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடுவது சட்டப்படி பிழை. அதைக்கூட விடுங்கள். அந்தப் பறவை எழும்பிப் பறக்கிறது என்றால் அது பயந்துவிட்டது என்று அர்த்தம். அது ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து இங்கே வந்திருப்பது தின்று உடம்பில் கொழுப்புச் சேர்க்க. பங்குனி, சித்திரையில் திரும்பிப் போவதற்கு அந்தக் கொழுப்புத்தான் பெற்றோல். வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தரம் கிளப்பிவிட்டுப் போனால் அந்த நாளில் அவை எத்தனை மணித்தியாலம் தின்னும்? சிறிய உள்ளான்களை எடுத்துப் பாருங்கள், ஒரு கைக்குள் அடங்குகிற உடம்பு. அதற்கு ஒவ்வொரு பறப்பும் கணக்கு.

நீங்கள் நல்ல படம் எடுக்கிற ஆள், உங்கள் மற்ற இழைகளைப் பார்த்திருக்கிறேன். தின்னுகிற பறவையைக் கரையிலிருந்து எடுங்கள். அது சிறிதாக விழுந்தாலும் அதுதான் சரியான படம்.

கமராக்கண்:

அக்கா, நீங்கள் சொல்வது விளங்குகிறது. ஆனால் ஒரு நல்ல வீடியோ வந்தால்தானே சனம் இந்த இடத்தைக் கேள்விப்படும்? கேள்விப்பட்டால்தானே பாதுகாக்கச் சொல்லிக் கேட்கும்? மன்னாரில் வங்காலையை 2010இல் றாம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, ஏற்றுக்கொண்டார்கள். அங்கே வருகிற பூநாரைப் படங்கள் எத்தனை பேரைக் கூட்டி வருகின்றன! சுண்டிக்குளம் ஒளிந்து கிடந்தால் ஒருநாள் ஒருவருக்கும் தெரியாமலே அழிந்துபோகும். அந்தப் பயம்தான் எனக்கு.

வேலியோரம்:

உங்கள் பயம் நியாயமானது. ஒளித்து வைக்கச் சொல்லவில்லை, அதனால்தானே வழியை ஊர் ஊராக எழுதினேன். எந்த இடத்தில் கூட்டம் நிற்கிறது என்ற வரைபடப் புள்ளியை மட்டும் பொதுவில் போடவேண்டாம் என்கிறேன். தேடிப் போகிறவன் பொறுமையோடு போவான். புள்ளியைப் பார்த்துப் போகிறவன் நேரே வாகனத்தைக் கொண்டுபோய்ச் சேற்றுக்குள் விடுவான். அந்தச் சில்லுத் தடம் அடுத்த மாரி வரைக்கும் கிடக்கும்.

கட்டைக்காட்டான்:

இந்த இழையை இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். நான் அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவன், தொழில் கடல். பறவையைப் பற்றி எழுதினீர்கள், நன்றாக இருந்தது. எங்களைப் பற்றியும் நாலு வரி எழுத வேண்டும் போலிருக்கிறது.

சரணாலயம் என்றால் வேறு, தேசியப் பூங்கா என்றால் வேறு. சரணாலயத்துக்குள் சனத்தின் சொந்தக் காணி இருக்கலாம், குடியிருக்கலாம், தோட்டம் செய்யலாம். விலங்கு பறவையைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். தேசியப் பூங்காவுக்குள் அப்படியில்லை. அனுமதி எடுத்துப் பார்வையிடப் போகலாம், வேறு அலுவலுக்கு இடமில்லை. 1990 கணக்கில் சரணாலயம் 11,149 ஹெக்டேயர். 2015இல் பூங்கா ஆனபோது 19,565 ஹெக்டேயர். கூடின அந்த நிலம் ஆகாயத்திலிருந்து வரவில்லை.

எங்கட சனம் போருக்குள் எத்தனை தரம் எழும்பி ஓடியது என்று கணக்கில்லை. 1991இல் ஆனையிறவுச் சண்டை நடந்தபோது இராணுவம் வந்து இறங்கியது வெற்றிலைக்கேணிக் கரையில்தான். பிறகு சுனாமி. பிறகு கடைசிச் சண்டை. எல்லாம் முடிந்து ஊருக்குத் திரும்பி வந்து பற்றை வெட்டித் துப்புரவாக்கினால், "இது பூங்கா எல்லைக்குள்" என்கிறார்கள். அப்பப்பா காலத்துக் காணி உறுதி கையில் இருக்கிறது. காணியில் எல்லைக்கல் நிற்கிறது. மாரியில் களப்பில் இறால் படுகிற காலத்தில் இறால் பிடிக்கிற கூடு வைக்கிற ஆட்கள் பயந்து பயந்து போக வேண்டியிருக்கிறது.

நான் பறவைக்கு எதிரி இல்லை. பூநாரை வந்தால் களப்பில் கூனி இருக்கிறது என்று அர்த்தம், கூனி இருந்தால் எங்களுக்கும் இறால் இருக்கிறது. அதுக்கும் எங்களுக்கும் ஒரே சாப்பாடு. எங்கட அப்பா ஆட்கள் அந்தப் பறவையைக் கல்லெறிந்து கலைத்தது கிடையாது. பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லையைப் போடும்போது ஊரைக் கூப்பிட்டு வைத்துப் போட்டிருக்கலாம் என்கிறேன்.

நல்லூர்த்தெரு:

அண்ணா, இது எங்களுக்குத் தெரியாது. எழுதினதுக்கு நன்றி.

வேலியோரம்:

அண்ணா, உங்களுடைய பதிவை நான் இவருக்கும் வாசித்துக் காட்டினேன். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றியே இரவு முழுக்கக் கதைத்தோம்.

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். களப்பைப் பற்றி நாங்கள் அன்றைக்கு அறிந்ததில் பாதி உங்கள் ஊர் ஆட்கள் சொன்னது. எந்தப் பக்கம் சேறு கால் தாங்கும், எந்தக் கண்டலுக்குக் கீழே முதலை கிடக்கும், எந்தக் காற்றுக்குப் பறவை மேற்குக் கரைக்கு ஒதுங்கும் என்பதெல்லாம். வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயா "தண்ணிக்குள்ள இறங்காதேங்கோ பிள்ளையள்" என்று எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். அவரில்லாவிட்டால் நாங்கள் காலை நனைத்திருப்போம். அப்படிப்பட்ட ஆளை வெளியே நிறுத்திவிட்டு அந்தக் களப்பை எப்படிக் காப்பாற்றுவது? பார்வையாளரைக் கூட்டிப் போகிற வேலை, படகு விடுகிற வேலை, காவல் வேலை எல்லாம் முதலில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் போகவேண்டும். இறால் கூடு வைக்கிற இடத்தையும் பறவை தங்குகிற இடத்தையும் ஊரோடு இருந்து பிரித்துக் கீற முடியாதா என்ன? இரண்டும் எங்கே என்று அவர்களுக்குத்தான் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்.

பழையவாய்க்கால்:

நான் நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் கதைப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. சுண்டிக்குளத்தைப் பற்றிப் பேசும்போது "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" திட்டத்தைப் பேசாமல் இருக்க முடியாது.

குடாநாட்டில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்குகிற மழைத்தண்ணீர்தான் எங்கட கிணறு. அதை அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு ஏறும். வன்னியிலிருந்து வருகிற கனகராயன் ஆறு போன்றவற்றின் மிச்சத் தண்ணீர் ஆனையிறவுக் களப்பில் விழுந்து, சுண்டிக்குளம் தொடுவாயால் (களப்பு கடலோடு சேருகிற வாயால்) கடலுக்குப் போய்விடுகிறது. அதை மறித்தால் என்ன என்பது பழைய யோசனை. அதை முறையான திட்டமாக 1954இல் முன்வைத்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம். ஆனையிறவில் மேற்குப் பக்கத்தை அடைப்பது, சுண்டிக்குளத்தில் கிழக்குப் பக்கத்தை அணை கட்டி மறிப்பது. இரண்டுக்கும் நடுவில் களப்பு மெல்ல மெல்ல நன்னீர் ஆகும். அந்தத் தண்ணீரை முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சிக் களப்புக்குக் கொண்டு போவது. அந்தப் பக்கம் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவுகள். வரைபடத்தில் பார்த்தால் குடாநாட்டுக்கு நடுவே ஒரு ஆறு ஓடுகிற மாதிரித்தான்.

வேலையும் தொடங்கியது. முள்ளியான் வாய்க்காலில் ஒரு பகுதி வெட்டினார்கள். சுண்டிக்குளத்தில் அணையும் கட்டினார்கள், அதை வெள்ளம் உடைத்துக்கொண்டு போயிற்று. அப்புறம் காசு இல்லை, அப்புறம் போர். இப்போது தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை 2024இல் திறந்த பிறகு குடிதண்ணீர்ப் பேச்சு கொஞ்சம் தணிந்திருக்கிறது. தோட்டக்காரனுடைய தண்ணீர்ப் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது.

வேலியோரம்:

ஐயா, அருமையான விளக்கம். ஒன்று கேட்கட்டுமா? அந்தத் திட்டம் முழுதாக நிறைவேறிக் களப்பு முற்றாக நன்னீரானால் பூநாரைக்கு என்ன ஆகும்? அது உப்புத் தண்ணீர்க் கூனியைத் தேடித்தானே வருகிறது.

பழையவாய்க்கால்:

நல்ல கேள்வி பிள்ளை. அந்தக் காலத்தில் இதை நாங்கள் யோசிக்கவில்லை, கிணற்றுத் தண்ணீரை மட்டும்தான் யோசித்தோம். நன்னீர் ஆனால் வாத்து, தாராவினத்துக்கு நல்லது. ஊசிவால் வாத்தும் கிளுவையும் கூடும். பூநாரைக்கும் சேற்றில் மேய்கிற உள்ளானுக்கும் கூடாது. வருஷம் முழுக்கத் தண்ணீர் நிறைந்து நின்றால் சேறு வெளியே வராது, அதுதான் பெரிய சிக்கல். இறாலும் மாறும். இறால் குஞ்சு கடலிலிருந்து தொடுவாயால் உள்ளே வருகிற சாமான், வாசலைச் சாத்தினால் வராது.

எனக்கு அந்தத் திட்டத்தில் இன்றைக்கும் ஆசை இருக்கிறது, மறைக்கவில்லை. இணுவிலில், கோப்பாயில் வெங்காயம் வைக்கிறவன் கிணற்றைப் பார்த்தவனுக்கு அந்த ஆசை போகாது. ஆனால் 1954இல் கீறின கோட்டை அப்படியே இன்றைக்குக் கட்டக் கூடாது. எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்துவது, எந்த மாதத்தில் திறந்துவிடுவது என்பதைப் பறவை தெரிந்தவர்களையும் கட்டைக்காட்டான் தம்பி போன்றவர்களையும் வைத்துக்கொண்டு தீர்மானிக்க வேண்டும்.

கட்டைக்காட்டான்:

ஐயா சொன்னது முழுக்கச் சரி. தொடுவாய் எங்கட மூச்சு. மாரியில் களப்பு நிறைந்து மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாயும். பிறகு கடல் அமர்ந்ததும் மணல் வந்து தானாக மூடிக்கொள்ளும். அந்தத் திறக்கிற மூடுகிற கணக்கில்தான் எங்கட வருஷம் ஓடுகிறது.

ரொறன்ரோவாசி:

வணக்கம். கோடை விடுமுறைக்கு ஆடி மாதத்தில்தான் எங்களுக்கு வர முடியும். அம்மா, அப்பாவும் வருவார்கள், அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். ஆடியில் சுண்டிக்குளம் போனால் பார்க்க ஏதும் இருக்குமா? இல்லை நெடுந்தீவு போவது நல்லதா?

வேலியோரம்:

ஆடியில் களப்பு பெரும்பகுதி வெடித்த சேறும் உப்பும்தான். வலசைப் பறவைகள் போயிருக்கும். கொக்கு, நாரை, கூழைக்கடா போன்ற ஊர்ப் பறவைகள் தண்ணீர் நிற்கிற இடங்களில் கிடைக்கும். வெயிலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பது என் எண்ணம். ஆனையிறவில் நிறுத்தி உப்பளத்தைப் பார்க்கலாம். 1990இல் போரால் நின்றுபோன உப்பளம் அது, இப்போது திரும்ப உப்பு விளைகிறது.

நெடுந்தீவு போகலாம், ஆனால் முழங்கால் வருத்தக்காரருக்குப் படகில் ஏறி இறங்குவது கஷ்டம். குறிகாட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலம் அளவில் கடலில் போக வேண்டும். ஏறுகிற இடத்தில் கை பிடித்துத் தூக்கிவிட ஆள் வேண்டும். இறங்கினதும் முச்சக்கர வண்டி பிடிக்கலாம். குதிரைகள், பெருக்கமரம், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, பவளக்கல் வேலிகள் எல்லாம் ஒரு நாளில் பார்த்துவிடலாம். ஆடியில் அங்கே தண்ணீர் பஞ்சம் தொடங்கிவிடும். குதிரைகள் தண்ணீர்த் தொட்டிகளைத் தேடி வரும், அதைப் பார்க்கத் தாங்காது. உங்கள் தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள், தீவு ஆட்களுடைய தண்ணீரில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

பருத்தித்துறை_ஓடை:

வேலியோரம் அக்கா எழுதின திரும்பும் வழிக்கு ஒரு வார்த்தை. அம்பன், குடத்தனைப் பக்கம் மணல் குன்றுகளில் பைக் ஏற்றி விளையாடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். அந்தக் குன்றுக்குள்தான் மழைத்தண்ணீர் தங்குகிறது, கடல் உள்ளே வராமல் மறிப்பதும் அதுதான். களவாக மண் அள்ளி ஏற்கெனவே பாதி போய்விட்டது. வல்லிபுர ஆழ்வார் கோவிலுக்கு வந்தால் மணலில் காலை வைத்து நடந்து பாருங்கள், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு. மத்தியானத்தில் கால் வெந்துவிடும்.

கமராக்கண்:

போன கிழமை போய் வந்தேன். ட்ரோன் கொண்டு போகவில்லை. வெற்றிலைக்கேணிக் கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள், இரண்டு பக்கமும் வரிசையாக நின்று குரல் கொடுத்துக் கொடுத்து. நானும் போய்க் கயிற்றைப் பிடித்தேன். வலையின் மடி கரைக்கு வந்தபோது உள்ளே சூடை மீனும் கீரி மீனும் துடித்துக்கொண்டிருந்தன, ஒருவர் சிறு நண்டுகளைப் பொறுக்கித் திரும்பக் கடலுக்குள் எறிந்தார். அந்தப் படங்களை வேறு இழையில் போடுகிறேன். முகம் தெரிகிற படங்களுக்கு அவர்களிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.

களப்பில் ஒரு மரத்துக்குக் கீழே அசையாமல் இருந்தேன். ஒரு மணித்தியாலம் கழிய உள்ளான்கள் பயம் தெளிந்து தாமாகவே என் பக்கம் நடந்து வந்தன. அக்கா சொன்னது சரிதான், துரத்திப் போனால் கிடைக்காத படம் அது.

வேலியோரம்:

தம்பி, படங்களைப் பார்க்கக் காத்திருக்கிறேன். மிகச் சந்தோஷம்.

நல்லூர்த்தெரு:

நாங்கள் வருகிற மாதம் வெளிக்கிடுகிறோம். பைக் இல்லாமல் மாமாவுடைய வானில், வீட்டாரும் சேர்ந்து. கட்டைக்காட்டான் அண்ணா, வானை எங்கே விடலாம்? எந்த நாள் வந்தால் உங்களுக்குக் கரைச்சல் இல்லாமல் இருக்கும்?

கட்டைக்காட்டான்:

வான் கட்டைக்காடு மட்டும் வரும். அதற்கு அங்கால் கொண்டுபோகாதேங்கோ, மணலில் புதைந்தால் இழுக்க உழவு இயந்திரம் தேட வேண்டும். தேவாலயத்துக்குப் பக்கத்து நிழலில் விட்டுவிட்டு ஊரில் ஆட்டோ கேளுங்கள், பெடியள் கூட்டிக்கொண்டு போவார்கள். விலையை ஏறுவதற்கு முன் பேசுங்கள். பூங்காவுக்குள் போக அனுமதி என்ன மாதிரி என்பதையும் புறப்படும் கிழமையில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். பூசை நாள், கடலுக்கும் போக மாட்டோம், வலையும் இழுக்க மாட்டோம், நீங்கள் வந்தும் வெறும் கரையைத்தான் பார்ப்பீர்கள். வார நாளில் விடிய ஆறு மணிக்கு வந்து சேர்ந்தால் பறவையும் பார்க்கலாம், வலையும் பார்க்கலாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் நாளே சொன்னால் வீட்டில் சமைத்துத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். மீன்குழம்பும் இறால் பொரியலும்தான், மரக்கறிக்காரர் இருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள். குப்பையைத் திரும்ப வானிலேயே கொண்டு போங்கள், எங்கட ஊரில் அள்ளுவதற்கு லொறி வருவதில்லை.